முரண்பட்ட சாட்சிகள்

இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை எதிரெதிரே வைத்துப் படிக்க நேர்ந்தது. முதலாவது 1994-இல் வந்தது. ஜெருசலேம் ஆய்வாளர்கள் எலியின் மூளைக்குள் இருக்கும் திரவ அறையில் ஆனந்தமைடு என்ற பொருளைச் செலுத்தினார்கள். எலியின் இரத்தத்தில் அழுத்த ஹார்மோன் ஏறியது. இரண்டாவது 2004-இல் வந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், சுண்டெலியின் உடலில் இயல்பாக ஊறும் அதே ஆனந்தமைடைச் சிதையவிடாமல் தடுத்துவைத்து, பிறகு அந்தச் சுண்டெலியை அசைய இடமில்லாதபடி அடைத்தார்கள். ஏற வேண்டிய ஹார்மோன் அடங்கிக் கிடந்தது.

பொருள் ஒன்றுதான். ஒரு சாட்சி அது தூண்டிவிட்டது என்கிறது, இன்னொரு சாட்சி அடக்கியது என்கிறது. ஒன்றைப் பொய்ச் சாட்சி என்று தள்ளிவிட்டால் வேலை எளிது. ஆனால் 1994 கட்டுரையின் ஆசிரியர் மூவரில் ஒருவர் ரஃபேல் மெக்கூலம். கஞ்சாவில் போதை தரும் டிஎச்சியின் வேதியமைப்பை 1964-இல் யெகியேல் காவோனியுடன் சேர்ந்து சொன்னவர். 1992-இல் பன்றியின் மூளையிலிருந்து, கஞ்சாவைப்போல் வேலைசெய்யும் உடலின் சொந்தச் சரக்கான ஆனந்தமைடைப் பிரித்தெடுத்த குழுவும் அவருடையதே. அந்தப் பொருளை உலகுக்கு அறிமுகப்படுத்தியவரே தரும் சாட்சியத்தை எப்படித் தள்ளுவது? மில்வாக்கிக் குழுவும் லேசுப்பட்டதல்ல. சிசிலியா ஹில்லார்டின் ஆய்வகம் இந்தத் துறையில் பேர்பெற்றது.

இந்த வழக்கு எப்படித் தீர்ந்தது என்று தெரிந்துகொள்ள, மேற்கோள் பட்டியல்களை நூல் பிடித்துக்கொண்டு பழைய ஆய்விதழ்களுக்குள் பின்னோக்கிப் போனேன். ஆவணங்களில் துப்புத் துலக்க எனக்கு ஒரு பழக்கம் உண்டு. முடிவுரையைக் கடைசியில்தான் படிப்பேன். முதலில் படிப்பது செய்முறைப் பகுதி. எவ்வளவு கொடுத்தார்கள், எந்த வழியாகக் கொடுத்தார்கள், எத்தனை நிமிடம் கழித்து இரத்தம் எடுத்தார்கள் என்பதெல்லாம் பொடி எழுத்தில் அங்கேதான் கிடக்கும்.

களம்

விலங்கு மிரளும்போது உடலுக்குள் மூன்று கட்டமாகச் செய்தி போகிறது. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் சிஆர்எச் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது பிட்யூட்டரிச் சுரப்பியைத் தட்டி ஏசிடிஎச்சை வெளியே விடுகிறது. ஏசிடிஎச் இரத்தம் வழியே சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குப் போகிறது. எலிகளில் அங்கிருந்து கார்ட்டிகோஸ்டிரோன் வருகிறது, நமக்குக் கார்ட்டிசால். சிஆர்எச்சின் அமைப்பைக் கண்டறிய சால்க் நிறுவனத்தின் வைலி வேல் குழு சுமார் 4,90,000 செம்மறியாட்டு ஹைப்போதலாமஸ் துண்டுகளை அரைத்து வடிகட்டியது. அந்த முடிவு 1981-இல் வெளியானது.

கார்ட்டிகோஸ்டிரோன் சர்க்கரையைத் திரட்டி, ஓடவோ எதிர்க்கவோ உடலைத் தயார்செய்கிறது. நாள்கணக்கில் அது இறங்காமல் நின்றால் உடலையே அரிக்கும். ஆகவே ஏற்றுவது எவ்வளவு முக்கியமோ, உரிய நேரத்தில் இறக்குவதும் அவ்வளவு முக்கியம்.

எலியின் கார்ட்டிகோஸ்டிரோனை அளப்பதில் ஒரு தொல்லை உண்டு. கூண்டைத் தொட்டதுமே எலி மிரள ஆரம்பித்துவிடும். தொட்டதிலிருந்து சுமார் மூன்று நிமிடத்துக்குள் இரத்தம் எடுத்தால்தான் மிரளாத எலியின் அளவு கிடைக்கும். தாமதித்தால் ஆய்வாளரின் கை உண்டாக்கிய பயமும் கணக்கில் சேர்ந்துவிடும். எலி இரவில் நடமாடும் உயிர் என்பதால் காலையில் குறைவாகவும் பொழுது சாயும் நேரத்தில் கூடுதலாகவும் இந்த ஹார்மோன் இருக்கும். எந்தச் சாட்சியை விசாரித்தாலும் இந்த இரண்டையும் முதலில் கேட்டுவிட வேண்டும்.

கல்கத்தா நாயும் பிட்ஸ்பர்க் எலியும்

கஞ்சாவை விலங்குக்குக் கொடுத்துப் பார்த்த பதிவுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று நம் நாட்டிலிருந்து வந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த வில்லியம் புரூக் ஓஷானசி, 1839-இல் தன் சோதனைகளை எழுதிவைத்தார். நடுத்தர அளவு நாய் ஒன்றுக்குப் பத்துக் கிரெயின் நேபாளத்துச் சரசை (கஞ்சாப் பிசினை)ச் சாராயத்தில் கரைத்துக் கொடுத்திருக்கிறார். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 650 மில்லிகிராம். அரை மணி நேரத்தில் நாய் தூங்கி வழிந்தது. நடுநடுவே திடுக்கிட்டு எழுந்தது. மகிழ்ச்சி தாங்காததுபோல் வாலை ஆட்டியது. சோற்றை ஆவலாய்த் தின்றது. கூப்பிட்டால் தள்ளாடியது. ஆறு மணி நேரத்தில் பழையபடி சுறுசுறுப்பானது. இறைச்சி தின்னும் விலங்குகளுக்குப் போதை ஏறுகிறது, ஆடு மாடு குதிரைகளுக்கு அவ்வளவாக ஏறுவதில்லை என்றும் அவர் குறித்திருக்கிறார்.

இங்கே ஹார்மோன் அளவு எதுவும் கிடையாது. அப்படியொன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. ஆனாலும் இந்தக் குறிப்பில் கொஞ்சம் நின்றேன். வாலாட்டும் நிம்மதியும் திடுக்கிட்டு எழும் பதற்றமும் ஒரே நாயிடம், ஒரே வேளையில் பதிவாகியிருக்கின்றன.

ஹார்மோனை அளந்த பழைய சாட்சி 1971-ஐச் சேர்ந்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் பேரியும் அவருடைய சகாக்களும் எலிக்கு டிஎச்சி கொடுத்தால் கார்ட்டிகோஸ்டிரோன் ஏறுகிறது என்றும், அந்த ஏற்றம் மைய நரம்பு மண்டலத்தின் வழியாக நடக்கிறது என்றும் ஐரோப்பிய மருந்தியல் ஆய்விதழில் எழுதினார்கள். ஆக, மெக்கூலம் 1994-இல் சொன்னது புதுச் செய்தியல்ல. முன்பே டிஎச்சி செய்த வேலையை உடலின் சொந்தச் சரக்கும் செய்கிறது என்றுதான் அவர் காட்டினார். கார்ட்டிகோஸ்டிரோன் ஏறியதோடு ஹைப்போதலாமஸின் அடிவாரத்தில் சேமித்திருந்த சிஆர்எச் காலியானதையும் அவர்கள் பார்த்தார்கள். மேலிருந்தே உத்தரவு போயிருக்கிறது.

இந்த இடத்தில் 1936-இன் ‘நேச்சர்’ இதழை எடுத்தேன். ஜூலை 4-ஆம் தேதி இதழில், மான்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து ஹான்ஸ் செலியே எழுதிய சின்னஞ்சிறு கடிதம் இருக்கிறது. ஸ்ட்ரெஸ் ஆய்வுக்கே பிள்ளையார் சுழி அதுதான். குளிரில் வைத்தாலும், அறுவைக் காயம் உண்டாக்கினாலும், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும் எலியின் உடல் ஒரே மாதிரி எதிர்வினை காட்டுகிறது: அட்ரினல் பெருக்கிறது, தைமஸ் சுருங்குகிறது, குடலில் புண் வருகிறது. செலியேயின் பட்டியலில் இன்னொன்றும் உண்டு. மார்ஃபின், அட்ரினலின், அட்ரோபின் போன்ற மருந்துகளைச் சாகாத அளவுக்கு அள்ளிக் கொடுத்தாலும் அதே விளைவுதான்.

இது எனக்குக் கிடைத்த முதல் துப்பு. பெரிய அளவில் கொடுத்தால் எந்த மருந்தும் விலங்குக்கு அழுத்தமே. 1971-இன் எலிக்குக் கொடுத்தது, உடல் எடையின் கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில். 1994-இன் எலிக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான் என்றாலும், அது நேராக மூளைக்குள் போனது. எலி மூளையில் இயல்பாக இருக்கும் ஆனந்தமைடு மொத்தமே நானோகிராம் கணக்கில் அடங்கிவிடும். மைக்ரோகிராம் என்பது நானோகிராமைப்போல் ஆயிரம் மடங்கு. வாய்க்காலில் ஓடும் நீர் பயிருக்கு என்ன செய்கிறது என்று அறிய, அணையைத் திறந்துவிட்டுப் பார்த்த கதை அது.

கொடுத்தாலும் ஏறும், தடுத்தாலும் ஏறும்

அளவு கூடியதால் வந்த கோளாறு என்று வழக்கை அத்தோடு மூடியிருக்கலாம். அடுத்த சாட்சி அதற்கு இடம் தரவில்லை.

டிஎச்சி போன்ற கன்னாபினாய்டுப் பொருள்கள் ஒட்டிக்கொள்ளும் ஏற்பி எலி மூளையில் இருப்பதை 1988-இல் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் ஆலின் ஹவ்லெட்டும் வில்லியம் டிவேனும் காட்டினார்கள். 1990-இல் லிசா மட்சுடா குழு அதன் மரபணுவைப் படியெடுத்தது. அதற்குச் சிபி1 என்று பெயர். 1994-இல் சனோஃபி நிறுவனத்து ஆய்வாளர்கள் இந்த ஏற்பியை அடைத்துவிடும் மருந்தைச் செய்தார்கள். பின்னாளில் அதன் பெயர் ரிமோனபன்ட். துப்பறிபவனுக்கு இது பெரிய வரம். வெளியிலிருந்து எதையும் கொட்டாமல், விலங்கின் சொந்தச் சரக்கு செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திப் பார்க்கலாம். நிறுத்தினால் என்ன கெடுகிறதோ அதுவே அதன் வேலை.

1997-இல் மிகெல் நவாரோவும் குழுவினரும் எலிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்தார்கள். எலிகளிடம் பதற்றத்தின் அறிகுறிகள் தெரிந்தன. 2002-இல் புடாபெஸ்ட்டில் யோஜெஃப் ஹாலர் குழு, சிபி1 மரபணுவே இல்லாமல் பிறந்த சுண்டெலிகள் கூடுதலாகப் பதறுவதைக் கண்டது. அதே ஆண்டு மியூனிக்கில் ஜோவானி மார்சிகானோவும் பேட் லுட்ஸும் சேர்ந்து செய்த சோதனை ‘நேச்சர்’ இதழில் வந்தது. ஓர் ஒலியைக் கேட்கவைத்து, கூடவே காலில் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். சுண்டெலிகள் ஒலிக்குப் பயப்படக் கற்றன. பிறகு அதிர்ச்சி இல்லாமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தார்கள். சாதாரணச் சுண்டெலி நாளடைவில் பயத்தை விட்டுவிட்டது. சிபி1 இல்லாததோ, பயத்தை மற்றதைப்போலவே கற்றாலும், அதை விடமுடியாமல் ஒவ்வொரு முறையும் உறைந்து நின்றது. ஒலி கேட்கும் நேரத்தில் சாதாரணச் சுண்டெலி மூளையின் அமிக்டலா என்ற பகுதியில் ஆனந்தமைடும், அதன் கூட்டாளியான 2-ஏஜியும் கூடுவதையும் அவர்கள் அளந்தார்கள்.

இப்போது வழக்கு இன்னும் சிக்கலானது. கன்னாபினாய்டைக் கொட்டினால் அழுத்தம் ஏறுகிறது. உடலின் சொந்தக் கன்னாபினாய்டை வேலைசெய்ய விடாவிட்டாலும் ஏறுகிறது. இரண்டும் உண்மையென்றால், எங்கே, எப்போது என்ற கேள்விகளுக்குப் பதில் வேண்டும். அந்தப் பதில் கஞ்சா ஆய்வுகளின் அலமாரியில் இல்லை.

வேறு அலமாரி

ஹார்மோன் ஆய்வாளர்களுக்குத் தனியாக ஒரு பழைய புதிர் இருந்தது. 1969-இல் மேரி டால்மனும் யூஜின் யேட்ஸும் நியூயார்க் அறிவியல் கழகத்தின் ஆண்டேட்டில் எழுதிய கட்டுரை அதன் தொடக்கங்களில் ஒன்று. கார்ட்டிகோஸ்டிரோன் தன்னைச் சுரக்கச் செய்யும் மூளையையே திரும்பப் போய் அடக்குகிறது என்பது தெரிந்த கதை. புதிர் அதன் வேகத்தில் இருந்தது. ஹார்மோன் இரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும் சில நிமிடங்களுக்குள்ளேயே அடக்கம் தொடங்கிவிடுகிறது.

அன்றைய பாடநூல்படி இப்படி நடக்க வழியில்லை. ஸ்டீராய்டு ஹார்மோன் செல்லுக்குள் நுழைந்து, உட்கருவுக்குப் போய், மரபணுவைத் தட்டி எழுப்பி, புதுப் புரதம் தயாராகி வேலைக்கு வர நிமிடங்கள் போதாது. அப்படியானால் அவசரமாக ஓடிவந்து கடிவாளத்தை இழுப்பது யார்? ‘வேகப் பின்னூட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். ஆள் யார் என்று தெரியாமலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் போயிற்று.

கஞ்சா ஆய்வாளர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காததற்கு ஒரு காரணத்தை 1990-இன் படம் ஒன்றில் பார்த்தேன். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் மைல்ஸ் ஹெர்கன்ஹாம், மூளைச் சீவல்களில் கதிரியக்கம் ஏற்றிய கன்னாபினாய்டை ஒட்டவைத்து, அதைப் படலத்தில் பதித்து வரைபடம் எடுத்தார். ஏற்பி நிறைந்த இடம் கருப்பாக விழும். பேசல் கேங்லியா, சிறுமூளை, ஹிப்போகேம்பஸ் எல்லாம் கருகருவென்றிருக்கின்றன. மூச்சையும் இதயத்தையும் நடத்தும் மூளைத்தண்டு வெளுத்திருக்கிறது. அளவு மீறிய கஞ்சா ஏன் மூச்சை நிறுத்துவதில்லை என்பதற்கு அந்த வெளுப்பு நல்ல விடை. அழுத்தத்தின் தலைமைச் செயலகமான ஹைப்போதலாமஸும் அதே படத்தில் மங்கலாகத்தான் தெரிகிறது. குறைந்த ஏற்பிகளே வலுவாக வேலைசெய்யலாம் என்பது அந்தப் படத்தைப் பார்த்தால் தெரியாது.

இரண்டு அலமாரிகளுக்கும் இடையே பாலம் போட்டது 2001. நரம்புச் செய்தி அனுப்பும் நியூரானிலிருந்து பெறும் நியூரானுக்குப் போவதுதான் வழக்கம். அந்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் வில்சனும் நிக்கோலும், ஜப்பானில் மசனொபு கானோ குழுவினரும், ஹார்வர்டில் கிரைட்சரும் ரீகரும் தனித்தனியே ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: எண்டோகன்னாபினாய்டு, அதாவது உடலின் சொந்தக் கன்னாபினாய்டு, எதிர்த்திசையில் போகிறது. பெறும் நியூரான் தன் சவ்வின் கொழுப்பிலிருந்தே அதை அந்த நிமிடத்தில் தயாரிக்கிறது. அது நடுவில் உள்ள சினாப்ஸ் என்ற இடைவெளியைத் தாண்டிப் பின்னால் போய், அனுப்பும் நியூரானின் நுனியில் உள்ள சிபி1-ஐத் தொடுகிறது. அங்கே செய்தி வரத்து குறைகிறது. வேலை முடிந்ததும் நொதிகள் அதைச் சிதைத்துவிடுகின்றன. சேமிப்புக் கிடங்கு கிடையாது. எந்தச் சினாப்ஸில் தேவையோ அங்கே மட்டும், தேவையான நேரத்துக்கு மட்டும் அது ஊறுகிறது.

துடிப்பின் எண்ணிக்கையா, உயரமா?

2003-இல் நியூ ஆர்லியன்ஸின் துலேன் பல்கலைக்கழகத்திலிருந்து ஷி டி, ஜெஃப்ரி டாஸ்கர் உள்ளிட்டோர் எழுதிய கட்டுரை இந்த வழக்கின் முக்கியச் சாட்சி. இதை மட்டும் நிதானமாகப் பார்ப்போம்.

எலியின் ஹைப்போதலாமஸை மெல்லிய சீவலாக வெட்டி, உயிர்த் திரவத்தில் மிதக்கவைத்து, சிஆர்எச் சுரக்கும் பகுதியில் ஒரே ஒரு நியூரானைக் கண்ணாடிக் குழல் முனையால் பிடிக்கிறார்கள். அந்த நியூரானை வந்து தட்டும், தூண்டுதல் தரும் குளூட்டமேட் துடிப்புகள் திரையில் சின்னச்சின்ன ஊசிகளாகப் பதிகின்றன. திரவத்தில் கார்ட்டிகோஸ்டிரோனையோ அதன் செயற்கைத் தம்பியான டெக்சாமெத்தசோனையோ சேர்க்கிறார்கள். சில நிமிடங்களில் ஊசிகள் குறைகின்றன.

எப்படிக் குறைகின்றன என்பதில்தான் துப்பு இருக்கிறது. ஒவ்வொரு ஊசியின் உயரமும் குறைந்திருந்தால், பெறும் நியூரான் மந்தமாகிவிட்டது என்று பொருள். உயரம் அப்படியே இருந்தது. ஊசிகள் வரும் எண்ணிக்கைதான் குறைந்தது. அப்படியென்றால் அனுப்பும் பக்கத்தில் வரத்து குறைந்திருக்கிறது. ஹார்மோனை உணர்ந்தது பெறும் நியூரான். அடங்கியது அனுப்பும் நுனி. நடுவில் யாரோ பின்னோக்கிச் செய்தி கொண்டுபோயிருக்க வேண்டும்.

அது யார் என்று அவர்கள் ஒவ்வொரு கதவாக மூடிப் பார்த்தார்கள். பெறும் நியூரானுக்குள் ஜி-புரதத்தை முடக்கினார்கள்; விளைவு நின்றது. டெக்சாமெத்தசோனைப் பெரிய புரதம் ஒன்றோடு கட்டி, செல்லுக்குள் நுழைய முடியாதபடி வெளியிலேயே நிறுத்தினார்கள், விளைவு நடந்தது. ஆகவே மரபணுவுக்கு இதில் வேலை இல்லை, சவ்விலேயே காரியம் முடிகிறது. கடைசியாகச் சிபி1-ஐ அடைத்தார்கள். விளைவு காணாமல் போனது. செய்தி கொண்டுபோனது எண்டோகன்னாபினாய்டு. 1969-இல் தொடங்கிய தேடலுக்கு 34 ஆண்டுகள் கழித்து ஆள் அகப்பட்டது.

சீவலில் நடப்பது முழு விலங்கிலும் நடக்குமா என்ற குறுக்குக் கேள்விக்கு, 2010-இல் சின்சினாட்டியின் ஜேம்ஸ் ஹெர்மன் ஆய்வகம் பதில் சொன்னது. உயிரோடிருக்கும் எலியின் ஹைப்போதலாமஸின் அதே புள்ளியில் டெக்சாமெத்தசோனைச் செலுத்தினால், அடைத்து வைக்கும்போது ஏறும் ஹார்மோன் குறைகிறது. சிபி1-ஐ அங்கே அடைத்துவிட்டால் அந்தக் குறைவு நடப்பதில்லை.

இரண்டு மூலக்கூறுகள், இரண்டு வேளைகள்

ஹைப்போதலாமஸில் கதை முடியவில்லை. மேத்யூ ஹில், போரிஸ் கோர்சால்கா முதலானோரின் 2009 கட்டுரை, பயத்தின் மையமான அமிக்டலாவுக்குக் கூட்டிப்போகிறது. விலங்கு நிம்மதியாக இருக்கும்போது அங்கே ஆனந்தமைடு ஓரளவு இருந்துகொண்டே இருக்கிறது. அழுத்தம் வந்தவுடன் அதைச் சிதைக்கும் எஃப்ஏஏஎச் என்ற நொதி முடுக்கிவிடப்பட்டு, ஆனந்தமைடு சரிகிறது. அது சரிந்ததும் அமிக்டலா துள்ளியெழுகிறது, கார்ட்டிகோஸ்டிரோன் ஏறுகிறது. அந்த நொதியை அமிக்டலாவிலேயே தடுத்துவிட்டால் ஏற்றம் மட்டுப்படுகிறது. 2004-இல் மில்வாக்கிச் சுண்டெலிகள் அமைதியாக இருந்ததற்குக் காரணம் இங்கே துலங்குகிறது.

2011-இல் ஹில் முதலானோர் இறங்குமுகத்தைக் காட்டினார்கள். அழுத்தம் ஓய்ந்த பிறகு, மூளையின் முன்புறணியில் கார்ட்டிகோஸ்டிரோனின் தூண்டுதலால் 2-ஏஜி ஏறுகிறது. அங்கே சிபி1-ஐ அடைத்தால் ஹார்மோன் இறங்க நேரம் பிடிக்கிறது.

ஆக வேலை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆனந்தமைடு அழுத்தம் வருமுன் வாசலில் நிற்கிறது. அது விலகினால்தான் எதிர்வினை தொடங்கும். 2-ஏஜி பின்னால் வந்து முடித்துவைக்கிறது. ஒன்றின் சரிவும் மற்றதன் ஏற்றமும் ஒரே நிகழ்வின் இரண்டு முனைகள்.

விலங்குகள் பழக்கப்படுவதற்கும் இந்த ஏற்பாடே துணை. ஒரே எலியை நாள்தோறும் ஒரே மாதிரி அடைத்து வைத்தால், போகப்போக ஹார்மோன் ஏறுவது குறையும். 2010-இல் ஹில் உள்ளிட்டோர் இதைச் சோதித்தபோது, பழகிய எலியின் அமிக்டலாவில் 2-ஏஜி கூடியிருந்தது. சிபி1-ஐ அடைத்ததும் பழகிய எலி முதல்நாள் எலியைப்போலவே மறுபடி பதறியது. பயம் தானாகத் தேய்ந்துபோய்விடுவதில்லை. ஏதோ ஒன்று ஒவ்வொரு முறையும் முனைந்து அதை அடக்கிவைக்கிறது.

மறுவிசாரணை

இப்போது 1971-ஐயும் 1994-ஐயும் திரும்பக் கூப்பிட்டு விசாரிக்கலாம்.

சிபி1 ஒரே வகை நியூரானின் நுனியில் மட்டும் இருப்பதல்ல. தூண்டும் குளூட்டமேட் நுனியிலும் உண்டு, அடக்கும் காபா நுனியிலும் உண்டு. குளூட்டமேட் வரத்தைக் குறைத்தால் மூளை அமைதியாகும். காபா வரத்தைக் குறைத்தால் அடக்குபவனையே அடக்கியதாகும், மூளை கிளர்ந்தெழும். லுட்ஸின் மைன்ஸ் நகர ஆய்வகம் 2012-இல் இதைப் பிரித்துக் காட்டியது. ஒருவகைச் சுண்டெலியில் குளூட்டமேட் நியூரான்களில் மட்டும் சிபி1-ஐ நீக்கினார்கள். இன்னொரு வகையில் காபா நியூரான்களில் மட்டும். பிறகு செயற்கைக் கன்னாபினாய்டு ஒன்றை இரண்டு அளவுகளில் கொடுத்தார்கள். கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் பதற்றத்தைக் குறைத்தது. அதற்குக் குளூட்டமேட் நுனியின் சிபி1 தேவைப்பட்டது. 50 மைக்ரோகிராம் பதற்றத்தைக் கூட்டியது. அதற்குக் காபா நுனியின் சிபி1 தேவைப்பட்டது. இது ஹார்மோனை அளந்த ஆய்வல்ல, நடத்தையைப் பார்த்த ஆய்வு. ஆனாலும் முடிச்சு அவிழும் இடம் இதுதான்.

பிட்ஸ்பர்க்கும் ஜெருசலேமும் மூளை முழுவதையும் ஒரே நேரத்தில் நனைத்தன. மில்வாக்கி, விலங்கு தானே எங்கே ஊறவைத்ததோ அதைக் கொஞ்சம் நீடிக்கச் செய்தது, அவ்வளவுதான். இரு தரப்பும் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார்கள். கேட்ட கேள்விகள்தான் வேறு. ஒரு பொருள் அழுத்தத்தை ஏற்றுமா இறக்குமா என்ற கேள்விக்கு இடத்தையும் அளவையும் நேரத்தையும் சொல்லாமல் பதில் கிடையாது.

படித்தும் பயன்படாத எச்சரிக்கை

இது வெறும் அலமாரிச் சண்டையாகப் போயிருந்தால் கவலையில்லை. சிபி1-ஐ அடைக்கும் ரிமோனபன்ட் பசியையும் குறைக்கும். 2006 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் உடற்பருமனுக்கு அதை அனுமதித்தது. அகோம்ப்ளியா என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1997-இன் பதறும் எலிகளும், 2002-இன் பயத்தை விடமுடியாத சுண்டெலிகளும், 2004-இன் கார்ட்டிகோஸ்டிரோன் கணக்கும் அதற்கு முன்பே அச்சேறிவிட்டன. எதிர்த்தரப்புக்கும் சாட்சிகள் இருந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். அதே மருந்து சுண்டெலியின் பதற்றத்தைக் குறைக்கிறது என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. முரண்பட்ட சாட்சிகள் இருக்கும்போது நமக்குச் சாதகமானதைப் படிப்பது எளிது.

2007 ஜூனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு ஒருமனதாக வேண்டாம் என்றது. 2008 அக்டோபரில் ஐரோப்பிய மருந்து முகமை விற்பனையை நிறுத்தச் சொன்னது. போலி மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், இதை எடுத்தவர்களுக்கு மனநலக் கோளாறுகள் வரும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பு என்று அது கணக்கிட்டிருந்தது. மனச்சோர்வும் பதற்றமும் தற்கொலை எண்ணமும் அதில் அடக்கம்.

அந்த மருந்து புதிதாக எந்த நோயையும் உண்டாக்கிவிடவில்லை. விலங்கு ஒவ்வொரு மிரட்சிக்குப் பிறகும் தன்னைத் தானே மீட்டுக்கொள்ளும் வழியை, உடல் முழுவதும் இரவும் பகலும் அடைத்துவைத்தது. வாசலில் நிற்பவனையும் முடித்துவைப்பவனையும் ஒருசேரக் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்று எலிகள் ஏற்கெனவே சொல்லியிருந்தன.

இந்தக் கோப்பை மூடிவிடலாம் என்று தோன்றும்போது செய்முறைப் பகுதிகளை மறுபடி புரட்டினேன். விலங்குகளின் எடை, வயது, கூண்டு வெளிச்சம் ஆகியவற்றுக்கு அடுத்து ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது: ஆண். மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவை ஆண் எலிகளையும் ஆண் சுண்டெலிகளையும் வைத்துச் செய்தவை. பெண் எலியில் கார்ட்டிகோஸ்டிரோன் இயல்பிலேயே ஆணைவிடக் கூடுதலாக ஏறும். ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதியின் அளவு ஈஸ்ட்ரோஜெனுக்கும் புரோஜெஸ்டிரோனுக்கும் கட்டுப்பட்டு மாறும். அப்படியானால் வாசலில் நிற்பவனின் பலம் சினைப்பருவச் சுழற்சியின் நாளைப் பொறுத்தும் மாறக்கூடும். இடம், அளவு, நேரம் என்று மூன்று கேள்விகளோடு முடித்த விசாரணையில், யாருடைய மூளை என்ற நான்காவது கேள்வியை ஆரம்பத்திலேயே கேட்டிருக்க வேண்டும். பெண் விலங்குகளை வைத்துச் செய்யும் ஆய்வுகள் இப்போதுதான் பெருகி வருகின்றன. ஆண் எலியிடம் வாங்கிய வாக்குமூலத்தை எல்லா விலங்குக்கும் தீர்ப்பாக எழுத, அவை வரும்வரை நமக்கு உரிமையில்லை.